பபாஷாவின் மேல் பழி வேண்டாம்

செத்து விழுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, தோழரே. எந்த இயக்குநரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மற்ற நடிகர்கள் கையை விரித்து, வாயைப் பிளந்து, கச்சேரியில் பாட வந்தவர்கள் மாதிரி விழுவார்கள். குண்டு பட்டவன் அப்படி விழுவதில்லை. முதலில் அவனுக்கு ஆச்சரியமாக இருக்கும். பிறகு முழங்கால் மடியும், கை எதையாவது பற்றிக்கொள்ளத் தேடும். நான் அப்படித்தான் விழுவேன். ஒரே தடவையில் காட்சி முடிந்துவிடும். பிலிம் மிச்சம் என்று தயாரிப்பு நிர்வாகிகளுக்கு என்மேல் தனிப் பிரியம்.

வாக்குமூலத் தாளில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். தாலிவால்டிஸ் ஸ்ப்ரோகிஸ். லாத்வியன். ரீகாவில் நாடக நடிகன், சினிமாவில் ஜெர்மன்காரன். இது நானாகத் தேடிக்கொண்ட வேலை இல்லை. பால்டிக் கடலோரத்தில் பிறந்தவனுக்கு வெளுத்த தலைமுடி, நீண்ட முகம், ருஷ்ய மொழி பேசும்போது ஓர் இழுவை. லாத்வியன், லித்துவேனியன், எஸ்தோனியன் என்று வித்தியாசமெல்லாம் கிடையாது. எந்த ஊர் ஸ்டுடியோவில் போர்ப்படம் தொடங்கினாலும் எங்கள் நாடக அரங்குக்குத் தந்தி வரும். ஒப்பனை அறையில் உட்கார்ந்து நாங்களே சிரித்துக்கொள்வோம்.

"இந்த வருஷம் நீ எங்கப்பா சாகப் போற?"

"ஒதேஸாவுல. கடலைப் பார்த்தபடி. கர்னல் பதவியாம். உனக்கு?"

"எனக்கென்ன, வழக்கம் போல சதுப்புக்காடுதான். மேஜருக்கு மேல நம்மள ஏத்த மாட்டேங்குறான்."

என்னைக் கொன்றது எப்போதும் ஒரே துப்பாக்கி. பிர்ச் மரக் கட்டை, துளை துளையான இரும்புச் சட்டை போட்ட குழல், அடியில் வட்டத் தோட்டாப்பெட்டி. நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்த துப்பாக்கி. அப்பாவைக் கூப்பிடுவது போல 'பபாஷா' என்று சிப்பாய்கள் அதைக் கூப்பிட்டார்கள். இப்போது அது இல்லாத இடமில்லை. தீப்பெட்டியில் இருக்கிறது, வெற்றிநாள் வாழ்த்து அட்டையில் இருக்கிறது, பூங்காவில் சிமெண்ட் சிப்பாய் கழுத்தில் தொங்குகிறது. மேடையில் இளம்பெண்கள் மரத்தில் செய்த பபாஷாவை மார்போடு அணைத்துக்கொண்டு வட்டமாக ஆடுகிறார்கள். நாற்பத்தொன்றாம் வருஷக் கோடையைக் காட்டும் படங்களில், பின்வாங்கி ஓடுகிற ஒவ்வொருவன் கையிலும் அது இருக்கிறது. அப்போது எங்களில் பாதிப் பேருக்குச் சாதாரணத் துப்பாக்கியே கிடைக்கவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை. படத்தில் அதற்குத் தோட்டாவும் தீராது. கதாநாயகன் சுட்டுக்கொண்டே இருப்பான், நாங்கள் வரிசையாக விழுந்துகொண்டே இருப்போம்.

சினிமாவில் பொய் இருந்தால் என்ன என்பீர்கள். எனக்கும் பெரிய வருத்தமில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியை நான் நிஜத்தில் வைத்திருந்தவன். செஞ்சேனையில் லாத்வியப் பிரிவு என்று ஒன்று இருந்தது, அநேகமாக மறந்திருப்பீர்கள். ஸ்தாராயா ரூஸா சதுப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். அங்கேதான் எனக்கு பபாஷா கொடுத்தார்கள். அதை நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நான் நனைந்தேன். ஒரு தடவைகூட அது என்னைக் கைவிடவில்லை. என் அண்ணன் ஊரில் இருந்தான். ஜெர்மன்காரர்கள் அவனைப் பிடித்துத் தங்கள் சீருடையை மாட்டிவிட்டார்கள். அவன் திரும்பி வரவில்லை. உடை அறையில் அந்தச் சாம்பல் நிறக் கோட்டின் பொத்தான்களைப் போடும்போதெல்லாம் அவன் ஞாபகம் வரும். "உங்களுக்கு இது அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று உடைப் பொறுப்பாளர் ஸினாயிதா பாராட்டுவாள். நல்ல பெண். அவள் கழுத்தை நெரிக்கலாம் என்று இருக்கும். நன்றி சொல்லிவிட்டு வருவேன்.

பபாஷாவின் ஒரு குணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. தோட்டாப்பெட்டி மாட்டியிருக்கிறது, தோட்டாவைக் குழலுக்குள் கொண்டுபோகும் இரும்புத் துண்டு, அதாவது போல்ட், முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். தோளில் வைக்கும் கட்டை கீழே இருக்கும்படி துப்பாக்கி கல்லில் மோதினால் போல்ட் தானாகப் பின்னால் துள்ளும். திரும்பி வரும்போது ஒரு தோட்டாவை இழுத்து வந்து வெடித்துவிடும். விசையை யாரும் தொட வேண்டாம். இது நடக்காமல் இருக்கத்தான் போல்ட்டின் கைப்பிடியிலேயே சின்னத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். எங்கள் பிரிவில் லியெபாயா ஊர்க்காரன் ஒருவன் லாரியிலிருந்து குதித்தான், கட்டை தரையில் இடித்தது, தாடை போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் சார்ஜெண்ட் சாப்பாட்டு வரிசையில்கூட ஒவ்வொருவன் கட்டைவிரலையும் பார்ப்பார். "தள்ளினியா? எங்க, காட்டு. தள்ளிட்டு அப்புறம் சூப்பக் குடி."

இனி கிளெப் ஸவ்யாலொவைப் பற்றி. அவரை 'அவர்' என்றே சொல்கிறேன், இறந்தவர் என்பதால். உயிரோடு இருந்தபோது என்னைவிட வயதில் சிறியவர், என்னை வா, போ என்றுதான் பேசுவார். என் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'தோல்யா' என்ற ருஷ்யச் செல்லப்பெயர் ஆக்கிவிட்டார். தாலிவால்டிஸ் எப்படித் தோல்யா ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, படக்குழுவும் யோசிக்கவில்லை.

வேவுப்படைக் கேப்டனாக அவர் நடித்த படங்களை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் அவர் ஒன்று செய்வார். சண்டை ஓய்ந்ததும் பபாஷாவைத் தூக்கிக் கட்டையைக் கல்லில் ஓங்கி ஊன்றுவார். டக்கென்று சத்தம் கேட்கும். குழல் வாயின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, அதன்மேல் தாடையை வைத்து, தூரத்தில் பார்த்துச் சிரிப்பார். தேசமே அதில் மயங்கிக் கிடந்தது. அந்தப் படம் போட்ட நாட்காட்டி இல்லாத முடிதிருத்தும் கடை கிடையாது. பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் துடைப்பக்கட்டையை ஊன்றித் தாடையை வைத்துக்கொள்கிறார்கள். போர்முனையில் இருந்தவன் யாராவது அதைப் பார்த்தால் துடைப்பத்தைப் பிடுங்கி எறிவான். தாழ்ப்பாள் போடாத பபாஷாவை ஓங்கி ஊன்றி, அதன் வாயில் தாடையை வைப்பது. லியெபாயாக்காரன் செய்ததையே இவர் கலையாக்கிவிட்டார்.

ஒரு முறை, முன்னாள் வீரர்கள் கூட்டத்தில் ஒற்றைக் கைக் கிழவர் ஒருவர் எழுந்து நின்று கேட்டார். "தம்பி, உன்ன யாரும் தாழ்ப்பாள் போடச் சொல்லித் தரலையா?"

ஸவ்யாலொவ் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். "என் பபாஷா என்னை மதிக்கும் பெரியவரே. உங்களோடது மாதிரி முரட்டுத்தனமா நடந்துக்காது."

கூட்டம் கைதட்டியது. கிழவரும் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நான் பின்வரிசையில் இருந்தேன்.

நானே பிறகு ஒரு படப்பிடிப்பில் அவரிடம் துப்பாக்கியை வாங்கித் தாழ்ப்பாளைக் காட்டினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் குழுவின் பக்கம் திரும்பினார். "இங்க பாருங்கடா. ஜெர்மன்காரன் எனக்கு ருஷ்யத் துப்பாக்கி கத்துக் குடுக்குறான்." ஒளிப்பதிவாளர் முதல் சமையல்காரி வரை சிரித்தார்கள். என் உடம்பில் சாம்பல் கோட்டு இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எந்த மனிதன் என்ன பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக அவரைக் கொல்லவில்லை. அவ்வளவு அற்பமானவன் இல்லை நான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எர்மகோவ் என்கிற இயக்குநர் ரீகாவுக்கு வந்தார். எங்கள் லாத்வியப் பிரிவைப் பற்றிப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அதில் வயதான லாத்விய சார்ஜெண்ட் ஒருவன், கழுத்தில் பபாஷாவோடு கடைசி வரை வருகிறான், கடைசியில் ஜெர்மன் மேஜரைச் சுடுகிறான். எர்மகோவ் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, என் மனைவி வைத்த மீனைத் தின்றுகொண்டு, "தாலிவால்டிஸ், இது உங்களுக்குன்னே எழுதினது. இந்தத் தடவ நீங்க சாக மாட்டீங்க" என்றார். என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மீசை வளர்த்தேன். சதுப்பில் நடந்த இடுப்பு இப்போது ஒத்துழைக்கவில்லை என்று தினமும் மாடிப்படி ஏறி இறங்கினேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை, எங்கள் பக்கத்துச் சீருடையில், அந்தத் துப்பாக்கியோடு என்னை என் ஊர் ஜனங்கள் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் முடிவு மாறிவிட்டது. மேலிடத்தில் அந்தச் சார்ஜெண்ட் வேஷத்துக்கு ஸவ்யாலொவைக் கேட்டார்களாம். எர்மகோவ் தொலைபேசியில் தொண்டையைக் கனைத்தார். "உங்களுக்கு மேஜர் வேஷம் வெச்சிருக்கேன். முக்கியமான வேஷம். அப்புறம் ஒரு உதவி. கிளெப்புக்கு உங்க இழுவை வேணும். நீங்கதான் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

போனேன். ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரை வெறுப்பதைவிட நேரில் ஒருவரை வெறுப்பது மேல் என்று போனேன். மீசையை மழித்துக்கொண்டேன்.

ப்ஸ்கோவ் பக்கம் ஒரு கிராமம். இடிந்த தேவாலயம், அதற்குக் கல் படிக்கட்டு. ஆயுதக் கிடங்கு பள்ளிக்கூடத்தின் விறகு அறையில் இருந்தது. அதன் பொறுப்பாளர் லூக்கிச். அவரும் போரில் இருந்தவர், பாதிக் காது கேட்காது. படக்குழுவில் துப்பாக்கியைத் துடைத்து வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னை உள்ளே விடுவார். இரண்டு பேரும் கறுப்பு ரொட்டியில் உப்பு தூவித் தின்றுகொண்டு எண்ணெய் போடுவோம். "எல்லாரும் பொம்மை மாதிரி வீசிட்டுப் போறானுங்க. நீங்க ஒருத்தர்தான் மனுஷன்" என்பார். நான் இருக்கும்போது அவர் பூட்டைப் போடுவதில்லை.

வெற்றுத் தோட்டா சுடுகிற துப்பாக்கிகளின் குழலில் திருகி வைத்த அடைப்பு இருக்கும். கேமரா கிட்டே போனால் அது தெரிந்துவிடும். அதனால் ஒரே ஒரு துப்பாக்கியை அடைப்பில்லாமல் சுத்தமாக வைத்திருப்பார்கள். அது சுடுவதற்கு இல்லை, முகத்தோடு சேர்த்துக் காட்டுவதற்கு. அதில் எப்போதும் காலிப் பெட்டிதான் மாட்டுவார்கள். ஸவ்யாலொவின் தாடை அதன்மேல்தான் இருக்கும்.

என் சாவுக் காட்சி வந்தது. எப்போதும் போல நான் முதல் தடவையே சரியாக விழுந்தேன். எர்மகோவ் திருப்தியோடு எழுந்தார். ஸவ்யாலொவ் கையைத் தூக்கினார்.

"இல்ல, இல்ல. ரொம்ப கௌரவமா செத்துட்டான். தோல்யா, நீ மண்டி போடு. என் பூட்ஸப் புடி. அழு."

"மேஜர் அழணும்னு எழுதலையே" என்றேன்.

"நான் சொல்றேன்ல. ஜெர்மன்காரன் அழுறதப் பாக்கத்தான் ஜனங்க டிக்கெட் வாங்குறாங்க. அழுடா செல்லம்."

எர்மகோவைப் பார்த்தேன். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியிட்டேன். ஈரச் சேறு. அவர் பூட்ஸைப் பிடித்தேன், அழுதேன். போதவில்லை என்றார். மறுபடி அழுதேன். என் இழுவையில், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, என் தலைக்கு மேல் அவர் வசனம் பேசினார். லாத்விய சார்ஜெண்ட் அவர். அவர் காலடியில் அழுகிற நாய் நான். சமையல்காரியும் வந்து வேடிக்கை பார்த்தாள். வெளிச்சம் மங்கும்வரை அழவைத்தார். கடைசித் தடவை அது நடிப்பில்லை என்று அவருக்கு மட்டும் தெரிந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அன்று மாலையே கிடங்குக்குப் போனேன். அந்த வாரம் மரச் சுவரில் நிஜக் குண்டு பாய்வதைப் படம் பிடிப்பதற்காக ராணுவத்திலிருந்து ஒரு சார்ஜெண்ட் வந்து சுட்டிருந்தார். மீதித் தோட்டாக்கள் திருப்பி அனுப்பப்படாமல் டப்பாவில் இருந்தன. லூக்கிச் அடுப்புக்கு விறகு எடுக்க வெளியே போயிருந்தார். பபாஷாவின் வட்டப் பெட்டி எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது, தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெட்டி, மாற்றினால் சிக்கிக்கொள்ளும். அந்தச் சுத்தத் துப்பாக்கிக்கு ஏற்ற பெட்டியைக் குவியலில் தேடிக் கண்டுபிடித்தேன். தோட்டாக்களை அடுக்கினேன். பெட்டியை அதன் அலமாரியில் பழைய இடத்தில் வைத்தேன். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு நல்ல வேலை செய்த மாதிரி இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் விளம்பரச் சுவரொட்டிக்குப் படம் எடுத்தார்கள். தேவாலயப் படிக்கட்டு, பின்னால் இடிந்த மணிக்கூண்டு. லூக்கிச் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். ஸவ்யாலொவ் அதைத் தூக்கி ஓங்கி ஊன்றினார், எப்போதும் போல உடனே தாடையைக் கொண்டு போனார். டக் என்ற சத்தத்துக்குப் பதிலாக வேறு சத்தம் வந்தது. அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான் வந்தது. பிறகு முழங்கால் மடிந்தது. கை படிக்கட்டின் விளிம்பைத் தேடியது. ஸினாயிதா அலறினாள். நான் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்வதுதான் முறை என்று தோன்றியது.

நான் இதைக் கொலை என்று நினைக்கவில்லை. பரீட்சை என்று நினைத்தேன். எங்கள் பிரிவில் உழவன் மகன், மீனவன் மகன், கையெழுத்துப் போடத் தெரியாதவன் எல்லோரும் தேறிய பரீட்சை. ஒரு கட்டைவிரல் அசைவு. எங்கள் பிரிவுச் சார்ஜெண்டாக நடிக்க வந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? தாழ்ப்பாளைத் தள்ளியிருந்தால் அவர் இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார். தோட்டாவைப் போட்டது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைக் கொன்றது அவருடைய அறியாமை. இப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

லூக்கிச்சைக் கைது செய்தீர்கள். கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. நான் அவருக்காகச் சாட்சி சொன்னேன், மிக நேர்மையானவர் என்று. சிறையில் இந்த வசந்த காலத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. அவர் மனைவிக்கு மலர்வளையம் அனுப்பினேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக வரவில்லை நான். பொய் சொல்லத் தெரியாது எனக்கு.

நான் வந்ததற்குக் காரணம் போன வாரம் ஸ்டுடியோவில் பார்த்தது. கிடங்கு முற்றத்தில் பபாஷாக்களைக் குவித்து வைத்து வெல்டிங் தீயால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபத்தான ஆயுதமாம், பழைய வடிவமைப்பாம், இனி ரப்பரில் செய்தால் போதுமாம். ஒரு கட்டையில் யாரோ சிப்பாய் கத்தியால் தன் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கி வைத்திருந்தான். அதையும் ஒரு பையன் வெட்டினான். வெட்டிய பையனிடம் ஏனப்பா என்று கேட்டேன். "ஸவ்யாலொவைக் கொன்னது இதுதானே மாமா" என்றான். அந்தத் துப்பாக்கி யாரையும் தானாகக் கொன்றதில்லை. முப்பது வருஷம் படத்தில் பொய் சொல்ல வைத்தீர்கள், இப்போது கொலைப் பழியும் அதன்மேல். அந்தப் பழியை நீக்கிவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

என்ன படிக்கிறீர்கள்? நிபுணர் அறிக்கையா?

மறுபடி படியுங்கள். 'தாழ்ப்பாள் உள்ளே தள்ளப்பட்ட நிலையில் இருந்தது. ஆனால் அதன் பல் நீண்ட காலத் தேய்மானத்தால் குறுகி, பள்ளத்தில் பிடிக்கவில்லை.'

தேய்மானம். எந்த முட்டாள் எழுதினான் இதை. பபாஷாவின் எஃகு அப்படித் தேயாது, தோழரே. சதுப்பில் கிடந்து முப்பது வருஷம் கழித்துத் தோண்டி எடுத்தவற்றில்கூடத் தாழ்ப்பாள் கச்சிதமாக விழும், நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாளில் ஒரு குறையும் இருந்ததில்லை. அன்று காலையில்கூட அது நன்றாகப் பிடித்தது. அதை வெட்கமில்லாமல் தேய்மானம் என்று எழுதிவைத்தால் நான் சும்மா இருக்க முடியாது.

சரி. எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் ஸவ்யாலொவ் கிடங்குக்கு வந்தான். லூக்கிச் வெளியே முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவன் கையில் இரண்டு கோப்பைத் தேநீர். மது குடித்திருக்கவில்லை. எனக்கு எதிரே விறகின் மேல் உட்கார்ந்தான்.

"தாலிவால்டிஸ் யானொவிச்" என்றான். என் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்து, பிழையில்லாமல். ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பான் போல. "நேத்து நான் பண்ணினது அசிங்கம். தூக்கமே வரல. நீங்க அந்தச் சதுப்புல நின்னவர்னு ஸினாயிதா சொல்லித்தான் தெரிஞ்சுது. எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

நான் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தேன்.

அவன் மேஜை மேலிருந்த சுத்தத் துப்பாக்கியை எடுத்தான். போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கட்டைவிரலால் தாழ்ப்பாளைத் தள்ளினான். இழுத்துப் பார்த்தான், வரவில்லை. "இப்படித்தானே? அந்த ஒத்தக்கைப் பெரியவரையும் நான் கேலி பண்ணியிருக்கக் கூடாது. இனிமே தாழ்ப்பாள் போடாம தொட மாட்டேன். படத்துல உங்க பேர ஆலோசகர்னு போடச் சொல்லி எர்மகோவ்கிட்ட சண்ட போட்டிருக்கேன். மன்னிச்சிருங்க."

தேநீரைக் குடித்தேன். பரவாயில்லை என்றேன். பெட்டி அலமாரியில் இருந்தது. தோட்டாக்களை எடுத்துவிட எனக்கு நேரம் இருந்தது.

அவன் போனதும் துப்பாக்கியைத் திறந்து போல்ட்டை வெளியே எடுத்தேன். லூக்கிச்சின் பெட்டியில் ஒரு சின்ன அரம் இருந்தது. தாழ்ப்பாளின் பல்லைத் தேய்த்தேன். மேலே பார்த்தால் தெரியாது. தள்ளினால் முன்பு போலவே போகும், ஆனால் பிடிக்காது. தேய்த்த இடத்தில் எண்ணெய் தடவினேன். அலமாரியிலிருந்த பெட்டியை மாட்டினேன்.

மதியம் படிக்கட்டில் அவன் அதை என் கையிலிருந்து வாங்கினான். வாங்கியதும் தாழ்ப்பாளைத் தள்ளினான். ஓங்குவதற்கு முன் என்னைத் தேடிப் பார்த்து, சரியா என்பது போலத் தலையை அசைத்தான்.

சரி என்று நானும் தலையை அசைத்தேன்.